செண்பகம் மதினியின் துரைசாணிக் கொடி

பிரியமுள்ள என் செண்பகம் மதினி,

கடிதம் என்றால் முதலில் சௌக்கியம் விசாரிக்க வேண்டும். உங்களிடம் அதைக் கேட்க இனி வழியில்லை. கேட்க முடிந்த காலத்திலும் நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. மூன்று நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டதாகப் புரட்டாசியில் வாசுதேவநல்லூரிலிருந்து தந்தி வந்தபோது, நான் பண்பொழியில் என் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். நான் அப்படிப்பட்டவள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இதை உறையில் போட்டு ஒட்டாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. தென்காசியிலும் செங்கோட்டையிலும் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த வீடுகளில் உங்களைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. தாலியறுத்தவள் தன் கையால் பூக்கட்டி, கல்யாணமாகாத நாத்தனார் தலையில் வைத்துவிட்டாள், அதனால்தான் வந்த சம்பந்தம் முறிந்தது என்பது அந்தப் பேச்சு. அது பொய். அந்த நாத்தனார் நான்தான், அந்தப் பொய்யைச் சொன்னவளும் நான்தான்.

செங்கோட்டை மலையாளத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் வந்து சேர்ந்ததற்கு மறுவருஷம் தையில் நீங்கள் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். அண்ணன் அப்போது குற்றாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை திறந்துவிடுவது, வெந்நீர் போடச் சொல்வது, பாம்பு வந்தால் ஆள் கூப்பிடுவது, இதுதான் அவன் உத்தியோகம். எப்போதோ அங்கே குடியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வைத்துவிட்டுப் போன கொடி ஒன்று வராந்தாத் தூணில் ஏறிக் கிடந்தது. ஹனிசக்கிள் என்று பெயராம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. துரைசாணிக் கொடி என்றே சொன்னோம்.

ஆடிக்குத் தாய்வீடு போன நீங்கள் திரும்பி வந்த அன்று, அண்ணன் ஈரச் சாக்கில் சுற்றி அதில் ஒரு பதியனைப் பஸ்ஸில் கொண்டுவந்தான். "இந்தா, உனக்குத்தான். பிச்சிப்பூ எல்லாவனும் பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கான். இது தென்காசியில ஒருத்தி வீட்டுலயும் கிடையாது" என்றான். நீங்கள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பல்லு வெளக்குத குச்சி மாதிரில்லா இருக்கு" என்றீர்கள். அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து நானும் நீங்களும் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம்.

அது பிழைக்குமா என்று அண்ணன் தினமும் கிணற்றடியில் குனிந்து பார்ப்பான். ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்து அவன் போனான். கொடி பிழைத்துக்கொண்டது. பதினாறாம் நாள் உங்கள் தலை நிறையப் பூவை வைத்து, வைத்த கையோடு எடுத்தார்கள். உங்களுக்கு இருபத்திரண்டு வயசு, எனக்குப் பதினாலு.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பூ வந்தால் நீங்கள் எழுந்து போய்விட வேண்டும். பூக்காரர் வைத்துவிட்டுப் போன இலைப்பொட்டலத்தை நீங்கள் பிரிக்கக்கூடாது. சாமி படத்துக்குச் சரம் போடக்கூடாது. எனக்குத் தலை பின்னிவிடலாம், பூவை மட்டும் அம்மாதான் வைப்பாள். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், நீங்கள் புரிந்துகொள்வீர்கள். விளக்கேற்றும் நேரத்தில் கூடத்தில் நிற்கக்கூடாது என்பதால் நீங்கள் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள்.

மறுவருஷம் ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் கொடி பூத்தது. சாயங்காலமானால் கொல்லை முழுக்க வாசம். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா, அது என்ன பூவு? உன் மருமவ அதுக்குப் பக்கத்துல நிக்கலாமா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ. "அது பூவா? வெள்ளக்காரன் வீட்டுக் கொடி. சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. நின்னா நின்னுட்டுப் போறா" என்றாள். அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று ஆனி மாதம் அந்த மதிலோரம் நின்றீர்கள்.

நீங்கள் அதை வளர்த்த அழகைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். "இதுக்குத் தலைக்கு வெயில் வேணும், காலுக்கு நிழல் வேணும்" என்று சொல்லி, தூரைச் சுற்றி உடைந்த ஓடுகளையும் தேங்காய் மட்டையையும் அடுக்குவீர்கள். அரிசி களைந்த தண்ணீரில் பாதி மாட்டுக்கு, பாதி கொடிக்கு. தளிரில் அசுவினிப் பூச்சி அப்பினால் புகையிலை ஊறிய தண்ணீரை விளக்குமாற்றுக் குச்சியால் தெளிப்பீர்கள். அம்மாவின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து அந்தப் புகையிலையைத் திருடித் தருவது என் வேலை. சாரல் ஓய்ந்த பிறகு, பூத்து முடிந்த கிளைகளை வெட்டிவிடுவீர்கள்.

ஒரு சித்திரையில் இலையெல்லாம் கருகி, கொடி போய்விட்டது என்றே நினைத்தோம். நீங்கள் உங்கள் வெள்ளைச் சேலை ஒன்றை நனைத்து மதிலோடு அதன்மேல் போர்த்தினீர்கள். "சேலை காயப் போட வேற இடம் இல்லியா?" என்றாள் அம்மா. "இங்கன சீக்கிரம் காயுது அத்தை" என்றீர்கள். அன்று முழுக்க அந்தச் சேலை காயவே இல்லை. நீங்கள்தான் நாழிக்கு ஒரு தடவை போய் நனைத்துவிட்டு வந்தீர்களே!

முதல் நாள் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் மஞ்சளாக மாறும் பூ அது. அதைக் காட்டி ஒரு தடவை, "பாரு கோமதி, இது முதல்ல வெள்ளை கட்டுது, பொறவு மஞ்சளுக்கு வருது. துரைசாணி ஊருல அப்படித்தான் போலுக்கு" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். எனக்கு அது புரிந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு ஆடி அமாவாசைக்கு அருவியில் முழுகக் குற்றாலம் போனோமே, நினைவிருக்கிறதா? அம்மா கடைத்தெருவில் பலாச்சுளை பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் என் கையைப் பிடித்து அண்ணன் வேலை பார்த்த பங்களாவுக்குக் கூட்டிப்போனீர்கள். ஈரத் தலையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தீர்கள். வராந்தாத் தூண் மொட்டையாக நின்றது. "அந்தக் கொடியா? பாம்பு அடையுதுன்னு மொதலாளி வெட்டச் சொல்லிட்டாவ. தூரோட தோண்டியாச்சு" என்றார் புது வாட்ச்மேன்.  பஸ்ஸில் திரும்பும்போது மேலகரம் தாண்டியதும், "அப்போ நம்ம வீட்டுல இருக்கதுதான் மிச்சம்" என்றீர்கள்.

இனிமேல் சொல்ல வேண்டியதுதான் கஷ்டம்.

எனக்குப் பதினேழு நடந்த ஆனியில் செங்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலிருந்தே உங்களைத் தொழுவத்தை ஒட்டிய அறையில் இருக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. விடாத மழை. பூக்காரர் கொடுத்துவிட்டுப் போன பிச்சிப்பூ ஊறி அழுகிப்போயிருந்தது. அம்மா அதை வீசிவிட்டு வேறு வாங்கிவர ஆள் அனுப்பினாள். போன ஆள் வரவில்லை, மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரமாகிவிட்டது. வெறுந்தலையோடு எப்படிப் போய் நிற்பது? நான் கிணற்றடிக்கு ஓடினேன்.

பறித்துக்கொண்டிருந்தபோது தொழுவத்து அறை ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் கேட்டது.

"ஏட்டி, ஏட்டி கோமதி. அதைத் தலையில வச்சிராத."

"ஒரு நாளைக்குத்தான மதினி. எவ்வளவு வாசம் பாருங்க."

"வாசம் எனக்குத் தெரியாதா? உன்னைக் கும்புடுதேன். அது கொடியாவே இருந்துட்டுப் போட்டும்."

நீங்கள் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டீர்கள். நான் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன், மதினி. ஒரு மூன்று முழம் பூவுக்கு இவ்வளவு கெஞ்சலா என்று மனசுக்குள் சலித்துக்கொண்டு, வாழைநாரைக் கிழித்து நானே கட்டி நானே வைத்துக்கொண்டேன். அதுவரை அது வெள்ளைக்காரன் வீட்டுக் கொடி. கன்னிப்பெண் தலையில் ஏறிய பிறகு அது பூ. பூ என்றால் அதன் பக்கத்தில் நீங்கள் நிற்க முடியாது. நீங்கள் பயந்தது இதற்குத்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்து, "என்ன பூவு இது? நல்ல மணமா இருக்கே" என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "துரைசாணிக் கொடி. எங்க மதினி வளக்காவ" என்றேன். "மதினியா? எங்க, காணலியே?" என்றாள் அந்த அம்மாள். எங்கள் அம்மா முந்திக்கொண்டு, "அவ தாய்வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள். கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள்.

நாலாம் நாள் தரகர் வந்து, சாதகம் அவ்வளவாகப் பொருந்தவில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா நேரே தொழுவத்துக்கு வந்தாள். நீங்கள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு உன் தலையில இருந்த பூவக் கட்டுனது யாருட்டி?"

அம்மா முகத்தைப் பார்த்ததும் சாணிக்கூடையைக் கீழே வைத்தேன். உங்கள் முதுகு எனக்குத் தெரிந்தது.

"மதினிதான் கட்டித் தந்தாவ" என்றேன்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். "என்ன ஏட்டி, நெசமா?" என்று அம்மா உங்களைக் கேட்டாள். நீங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையில் மிச்சமிருந்த வைக்கோலை உதறிப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டீர்கள்.

அம்மா அரிவாளை எடுத்துத் தூரிலிருந்து வெட்டினாள். அதோடு விட்டாளா? அடுப்படியில் அப்போதுதான் வடித்த கஞ்சியைக் கொண்டுவந்து வேரில் ஊற்றினாள். "வாசம் கேக்குதோ வாசம்!" என்றாள். அடுக்கிய ஓட்டுக்கிடையிலிருந்து ஆவி வந்தது. எல்லாம் முடிந்த பிறகு நீங்களே விளக்குமாற்றை எடுத்து, வெட்டிக் கிடந்த கொடியைக் கூட்டிக் குப்பைக்குழியில் போட்டீர்கள். ஒரு குச்சியை ஒடித்து ஈர மணலில் செருகினால் வேர்விடும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்கள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் ஒன்றை எடுத்து ஒரு டப்பாவில் நட்டேன். வேர் வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தே அதைச் சாகடித்தேன்.

ஆடி பிறப்பதற்குள் உங்கள் அண்ணன் வந்து உங்களை வாசுதேவநல்லூருக்குக் கூட்டிப்போனார். போகும்போது நீங்கள் என்னிடம் சொன்னது, "பால் அடுப்புல இருக்கு, பொங்கிராமப் பாத்துக்கோ" என்பது மட்டும்தான்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். அந்தப் பழி உங்களுக்கு முந்தியே ஊர்போய்ச் சேர்ந்திருந்தது. நான் மறுவருஷம் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பண்பொழிக்கு வாழ வந்தேன். உங்களை ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவைதான் வந்து பார்த்தேன். இரண்டாவது தடவை நீங்கள், "அந்தக் கொடி வேற எங்கயாச்சும் உன் கண்ணுல பட்டுச்சாட்டி?" என்று கேட்டீர்கள். அப்போதே காலில் விழுந்திருக்கலாம். நான் ரேஷன் அரிசியில் கல் கிடப்பதைப் பற்றிப் பேசினேன்.

உங்கள் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். உங்கள் படத்துக்கு முழம் முழமாகப் பிச்சிப்பூ சாத்தியிருந்தார்கள். மூச்சு இருந்தவரை ஓர் இதழ் ஆகாது, படமான பிறகு மாலையாம்.  உங்கள் அண்ணன் பெண்டாட்டி பூக்கட்டிக்கொண்டே சொன்னாள்: "செண்பகம் கடைசி வரைக்கும் பூ இருக்க பக்கம் வரமாட்டா. சாமிக்காவது கட்டேன், இங்கன யாரு கேக்கப் போறான்னு நானே சொல்லியிருக்கேன். என் கை ஆகாது மதினி, ஒரு பிள்ளைக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுத்த கைன்னு சொல்லுவா."

மதினி, கட்டாத பூவைக் கட்டியதாக நீங்களே நம்பிவிட்டீர்களா? இல்லை, கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?  யாரிடம் போய்க் கேட்பேன்?

அங்கிருந்து நேரே தென்காசிக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி, ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அந்தப் பூவக் கட்டுனது நான்மா. மதினி இல்ல" என்றேன். அம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்தக்கூட இல்லை.

"தெரியும்லா."

"என்ன தெரியும்?"

"அவ கட்டுனா சரத்துல நாரு வெளிய தெரியாது. உன் தலையில நாருதான் தெரிஞ்சுது. அன்னைக்கே பாத்தேன்."

"பொறவு எதுக்கு அவங்க கொடிய வெட்டுன? எதுக்கு அனுப்புன?"

"சம்பந்தம் ஏன் தட்டிப்போச்சுன்னு ஊரு கேக்கும்லா. பொண்ணுட்ட கொறைன்னு சொல்லவா? அவளுக்கு இனிமே போறதுக்கு என்ன இருந்துச்சு? உனக்கு எல்லாம் இருந்துச்சு."

சொல்லிவிட்டு அம்மா, காபி குடிக்கிறாயா என்று கேட்டாள். அன்று தொழுவத்தில் நாம் மூன்று பேர் நின்றோம். மூன்று பேருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் பேசாமல் இருந்திருக்கிறோம். அதற்கு விலை கொடுத்தது நீங்கள் மட்டும்தான், எங்கள் மௌனத்துக்கும் சேர்த்து.

இதைக் கேளுங்கள். என் வீட்டுக் கொல்லையில் இப்போது ஒரு துரைசாணிக் கொடி நிற்கிறது. புளியரைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு மலையாளத்துக்காரர் கொடுத்தது, நட்டு இரண்டு வருஷமாகிறது. தூரில் ஓடு அடுக்கினேன், அரிசித் தண்ணீர் ஊற்றினேன். இலையாகத் தழைத்துக் கிடக்கிறதே தவிர ஒரு மொட்டுக்கூட இல்லை. நான் அதிகமாக வெட்டுகிறேனா, குறைவாகவா? நீங்கள் வெட்டியது முற்றின கிளையையா, இளசையா? தென்னை நிழல் கூடுதலோ? பக்கத்திலேயே நின்றவள்தான். உங்கள் கையைப் பார்க்காமல் உங்கள் வாயைப் பார்த்துக் கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கொடி முதலில் பூக்கட்டும், முதல் பூவோடு வாசுதேவநல்லூருக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னைத் திட்டுங்கள்.

இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரர் படித்தார். "நமக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. நாளைக்குக் கேட்டு வாரவன், பொய் சொல்லிக் குடியக் கெடுத்தவ மவளான்னு கேட்டா என்ன செய்வ?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். எனக்கும் பயம்தான். இரண்டு நாள் இதை மடித்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அரிசி எடுக்கும்போது கையில் தட்டியது. அம்மா சொன்ன காரணமும் இதேதானே என்று அப்போது நினைத்தேன். தன் மகள் பேரைக் காப்பாற்ற அவள் உங்கள் பேரைக் கொடுத்தாள். என் மகளுக்காக நானும் உங்கள் பேரையே எடுத்துக் கொடுப்பதா? செத்த பிறகும் உங்களை விடமாட்டோமா?

தையில் உங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண்ணுக்குப் பூக்கட்ட எல்லாப் பெண்களும் வட்டமாக உட்காருவார்கள். தென்காசிச் சொந்தமும் இருக்கும், செங்கோட்டைச் சொந்தமும் இருக்கும். யாரும் நாரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் எழுந்து நின்று, அன்றைக்குக் கட்டியது நான், கெடுத்தது என் வாய், செண்பகம் மதினியின் கை இல்லை என்று சொல்வேன். இது உங்கள்மேல் ஆணை. அதன்பிறகு, நீ பூவைத் தொடாதே, அங்கே தள்ளி உட்கார் என்று யாராவது சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் போய் உட்காருவேன். அது என் இடம்தான் மதினி. ஒன்பது வருஷம் அதில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் கும்பிட்ட கையைத் தட்டிவிட்டுப் போன நாத்தனார்,
கோமதி
பண்பொழி